பதினான்காம் மூட்டை

கீழக்கரை,
சனிக்கிழமை, லுஹர் தொழுத பிறகு.

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுஹா எழுதுகிறேன். நானும் உம்மாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகமாக இருக்கிறோம். உம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் இருக்கிறது, அது எப்போதும் உள்ளதுதான். உங்கள் உடம்பு நன்றாக இருக்க துஆ செய்கிறோம்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் எனக்குப் பேச்சு வராது என்பது உங்களுக்குத் தெரியும். வந்தாலும், உம்மா போனை ஸ்பீக்கரில் போட்டு நடுக்கூடத்தில் வைத்துவிடுவார்கள். இது உம்மா கேட்க வேண்டாத விஷயம். அடுத்த வீட்டு இஃப்திகார் காக்கா திங்கட்கிழமை திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குப் போகிறார். அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். உறையை ஒட்டி அதன் மேல் செலோடேப்பும் போடுவேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் சுற்றிச் சுற்றி எழுதிவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமலேயே முடித்துவிடுவேன். தவ்ஃபீக் மாமா கடைக்கு நீங்கள் கட்டி அனுப்பிய இருபத்திரண்டு மூட்டைகளில் பதினான்காவதைத் தூத்துக்குடி கஸ்டம்ஸில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதற்குள் நீங்கள் எனக்கென்று வைத்த அட்டைப் பெட்டி இருந்தது. பெட்டிக்குள் கண்ணாடிச் சாமான்களைச் சுற்றி ஏழு குழந்தைத் துணிகள் இருந்தன. புதியவை இல்லை. போட்டு, துவைத்து, மடித்தவை. அவை என்ன துணி, யாருடையவை என்று அனுப்பியவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும் என்கிறார்கள். பத்து நாள் தவணை. இன்று மூன்றாவது நாள்.

கஸ்டம்ஸ்காரர்கள் கேட்பதைத்தான் நானும் கேட்கவேண்டியிருக்கிறது. அதற்கு முன்னால் நடந்ததை எல்லாம் வரிசையாக எழுதுகிறேன். எழுதினால் எனக்கே விளங்குமோ என்னவோ.

நான் கடையில் கணக்கு எழுதுவதாக உம்மா உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அது கணக்கு இல்லை வாப்பா. வெளிநாட்டிலிருந்து வருகிற உடுப்புகளை, இது இன்ன ரகம் என்று பிரித்துப் பட்டியல் எழுதுகிற வேலை. அந்தப் பட்டியலை வைத்துத்தான் கஸ்டம்ஸில் எதற்கு எவ்வளவு வரி என்று முடிவு செய்வார்கள். பட்டியலை அங்கே கொண்டுபோய்க் கொடுக்கிறவர் குருநாதன் அண்ணன். முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர், தூத்துக்குடியில் ஒரு ஏஜென்ட் ஆபீசில் இருக்கிறார். ஆறு மாதம் முன்பு அவர் கடைக்கு வந்தபோது நான் மாடியில் சட்டை மடித்துக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லாமலே பனியன் துணியில் தைத்ததை ஒரு பக்கமும் தறித் துணியில் தைத்ததை ஒரு பக்கமும் அடுக்கியிருந்தேன். எதற்கு இப்படி வைத்தாய் என்று கேட்டார். நான் அடுத்த சட்டையை எடுத்து மடித்தேன். அவரே இரண்டு அடுக்கையும் தடவிப் பார்த்துவிட்டு, “தவ்ஃபீக் பாய், இந்தப் புள்ள வாயத் தொறக்காது போல. கை நல்லாப் பேசுது. எனக்கு இப்பிடி ஒரு ஆளுதான் வேணும்” என்றார்.

அப்படித்தான் இந்த வேலைக்கு வந்தேன். எனக்குப் பிடித்திருக்கிறது. பத்தாம் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள். அதனால்தான் பாதியில் நின்றேன். உம்மாவின் முழங்கால் வலிக்காக என்று உங்களிடம் சொன்னார்களே, அது இல்லை. இங்கே வாசிக்கவேண்டாம், பேசவேண்டாம். துணியைத் தொட்டுப் பார்த்து எழுதினால் போதும். வரிப் புத்தகத்தில் பின்னிய துணிக்கு ஒரு அத்தியாயம், நெய்த துணிக்கு ஒரு அத்தியாயம். முன்பக்கம் திறக்கிற சட்டையில் இடதுபக்கம் வலதின் மேல் வந்தால் ஆண் உடுப்பு, வலதுபக்கம் மேலே வந்தால் பெண் உடுப்பு. எதுவென்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் பெண் உடுப்பில் சேர்க்கவேண்டும். ஏன் அப்படி என்று கேட்டதற்கு குருநாதன் அண்ணன், “எது என்னன்னு தெரியலையா, பொம்பளை தலையில போடு. சர்க்காரும் நம்ம வீடு மாதிரித்தான் தங்கச்சி” என்றார். எண்பத்தாறு சென்டிமீட்டர் உயரம் வரையுள்ள பிள்ளைகளின் உடுப்பு தனி. அதில் ஆண், பெண் பிரிவே கிடையாது.

எல்லாம் அப்படி நேராக இருப்பதில்லை. ஒரு தடவை நைட்டி வந்தது. புத்தகத்தில் இரவில் தூங்கும்போது போடுகிற உடுப்பு ஓரிடம், பகலில் போடுகிற கவுன் வேறிடம். நம் தெருவில் நைட்டியைப் போட்டுக்கொண்டுதானே மீன் வாங்கவும் போகிறார்கள். நான் பேனாவை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். குருநாதன் அண்ணன், “எங்க வீட்டுல அது இருவத்துநாலு மணி நேர உடுப்பு. அப்பிடி ஒரு அத்தியாயம் இல்லையே” என்று தலையைச் சொறிந்தார். முன்பக்கம் முழுவதும் திறக்கிற அபாயா கோட்டா, கவுனா என்று ஒரு வாரம் குழம்பினோம். ஆனால் எப்படிக் குழம்பினாலும் கடைசியில் ஏதோ ஒரு வரிசையில் அதற்கு இடம் கிடைத்துவிடும். எந்த வரிசையிலும் சேராத உடுப்பு என்று ஒன்று வந்ததே இல்லை, இந்த வாரம் வரைக்கும்.

இந்தத் தடவை உங்கள் முதலாளி அனுப்பிய பட்டியலில் “ரெடிமேட், பலரகம்” என்று மட்டும் போட்டிருந்தது. அதை வைத்துக்கொண்டு எதையாவது எழுதி மாட்டிக்கொள்வதைவிட, அதிகாரி முன்னாலேயே மூட்டையைப் பிரித்துக் காட்டிவிட்டுப் பிறகு வரி போடச் சொல்லலாம் என்றார் குருநாதன் அண்ணன். பிரிப்பதற்கு நானும் வரவேண்டும் என்றார். தனியாக அனுப்ப உம்மா சம்மதிக்கவில்லை. தவ்ஃபீக் மாமாவோடு நஸீரா மாமியும் கூட வருவதாகச் சொன்ன பிறகுதான் விட்டார்கள். புதன்கிழமை ஃபஜ்ருக்குப் பின் தவ்ஃபீக் மாமா காரில் கிளம்பினோம். வாலிநோக்கம் விலக்கு தாண்டும்போது உப்பைக் குவித்து ஓலை போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். மாமி வழியெல்லாம் என் கல்யாணப் பேச்சு பேசிக்கொண்டு வந்தார்கள். நான் உப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கிட்டங்கி. உள்ளே நீள மேசை போட்டு மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். அதிகாரி ஒரு அம்மா. நாற்பது வயதிருக்கும். கழுத்தில் கயிறு கட்டி ஒரு லென்ஸ் தொங்கியது. முதலில் என்னைப் பார்த்து, “இந்தப் பொண்ணா பிரிக்கப் போகுது?” என்றார்கள். பத்து மூட்டை ஆன பிறகு, நான் சொல்லும் ரகத்தை லென்ஸ் வைத்துப் பார்க்காமலேயே எழுதிக்கொண்டார்கள். சந்தோஷமாக இருந்தது வாப்பா. ஒவ்வொரு மூட்டையின் வாயும் உங்கள் தையல். சாக்குத் தையலைக்கூட நீங்கள் இரட்டை இழையில் போடுவீர்கள். இந்த மூட்டைகளை வாப்பா தொட்டார், இப்போது நான் தொடுகிறேன் என்று நினைத்துக்கொண்டே அவிழ்த்தேன். நான்கு வருடமாக உங்களைப் பார்க்கவில்லை அல்லவா.

வியாழக்கிழமை பகல் பதினான்காவது மூட்டையை அவிழ்த்தோம். பாதிக்குக் கீழே அட்டைப் பெட்டி இருந்தது. மேலே மார்க்கரில் “சுஹாவுக்கு” என்று உங்கள் கையெழுத்து. நான் சட்டென்று அதன் மேல் கையை வைத்து மறைத்தேன். தப்பு செய்ததாக நினைத்து அல்ல. என் பெயரை எல்லோரும் பார்க்கிறார்களே என்ற கூச்சம்.

நம் ஊர் ஆட்கள் எல்லோரும் செய்வதுதானே இது. கடைச் சரக்கோடு வீட்டுக்கு ஒரு பொட்டலம் வைப்பது, கடைக்கு வந்ததும் அவரவர் வீட்டு ஆட்கள் போய் எடுத்துக்கொள்வது. மூட்டைக்குள் இருக்கிற எல்லாமே பட்டியலில் வரவேண்டும், பொட்டலமும், அதற்குச் சுற்றிய துணியும்கூட என்று நம் ஆட்களுக்குத் தெரியாது. ஆறு மாதமாகப் பட்டியல் எழுதுகிற எனக்கும் தெரியாது.

அதிகாரி அம்மா பெட்டியைப் பிரித்தார்கள். இரண்டு அத்தர் குப்பி, தங்க நிற மூடி போட்ட ஒரு கண்ணாடி ஜாடி. சுற்றியிருந்த துணிகளை உதறி மேசையில் போட்டு, “இதையும் பிரிச்சு வைம்மா” என்றார்கள்.

நான் யோசிக்கவே இல்லை. இரண்டு நாளாகச் செய்த வேலையைக் கை தானாகச் செய்தது. ஆறு துணிகள் பனியன் துணி. அவற்றை அளவு வாரியாக வைத்தேன். கழுத்துப் பட்டியில் சென்டிமீட்டர் போட்டிருந்தது. ஐம்பத்தாறு, அறுபத்திரண்டு, அறுபத்தெட்டு, எண்பது, எண்பத்தாறு. ஆறாவது ஒரு எலாஸ்டிக் பேண்ட். அதில் தொண்ணூற்றிரண்டு. வைத்து முடித்து நிமிர்ந்தபோதுதான் என்ன செய்துவிட்டேன் என்று தெரிந்தது. பழைய துணிக்காரனிடம் வாங்கிய துணி என்றால் ஒரே அளவில் நான்கு இருக்கும், நடுவில் பத்து வயதுப் பிள்ளையின் சட்டை ஒன்று இருக்கும். இது அப்படி இல்லை. ஒரே பிள்ளை பிறந்து, தவழ்ந்து, நின்று, நடப்பது மாதிரி மேசையில் வரிசையாகக் கிடந்தது. அதிகாரி அம்மாவும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

குருநாதன் அண்ணன்தான் முதலில் பேசினார். “மேடம், அது குப்பி ஒடையாம இருக்கச் சுத்துன கந்தத் துணி. தூக்கிப் போட்டுருவோம்.”

“கந்தலை யாரும் துவைச்சு மடிச்சு வைக்கமாட்டாங்க சார்” என்றார்கள் அந்த அம்மா. “பழைய துணின்னா வியாபாரச் சரக்கோட கொண்டுவர அனுமதி வேணும். கந்தல்னு எழுதிக் கொடுத்தீங்கன்னா, யாரும் மறுபடி போட முடியாதபடி உங்க முன்னாலயே வெட்டிட்டு விடுவோம். சொந்த உபயோகம்னா யாரோட உபயோகம்னு சொல்லணும்.” பிறகு என்னிடம், “பெட்டியில இருக்கிறது உன் பேருதானே? உங்க வீட்டுல கைப்பிள்ளை இருக்கா?” என்று கேட்டார்கள்.

நான் இல்லை என்று தலையாட்டினேன். நம் வீட்டில் பிள்ளை என்றால் நான் ஒருத்திதானே.

ஏழாவது துணியைப் பற்றி இன்னும் எழுதவில்லை. அதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது. அது கடையில் வாங்கியது இல்லை, கையால் தைத்த ஜபலா. பட்டியும் இல்லை, அளவும் இல்லை. பச்சையில் சின்ன வெள்ளைப் பூ. போன வருடத்துக்கு முந்தின பெருநாளைக்கு எனக்குச் சுடிதாருக்கும் உம்மாவுக்கு நைட்டிக்கும் நீங்கள் அனுப்பிய அதே துணி. அப்போது உம்மா அளந்து பார்த்துவிட்டு, “அரை மீட்டர் குறையுது. ஷார்ஜாவுலயும் அளவுல ஏமாத்துறானுவ போல” என்று ஒரு நாள் முழுக்கக் கடைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். ஜபலாவின் கீழ் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் சாய்வாக, ஒவ்வொன்றும் அரிசி அளவாக, கைத்தையல். நீங்கள் ஊரில் தையல் கடை வைத்திருந்தபோது என் பெருநாள் சட்டைகளுக்கெல்லாம் அப்படித்தான் அடித்திருந்தீர்கள். வேறு யாரும் அப்படி அடித்து நான் பார்த்ததில்லை.

அதிகாரி அம்மாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. “இது கைத்தையல்” என்று மட்டும் சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

துணிகளை ஒரு கவரில் போட்டு, மூட்டையோடு சேர்த்துக் கட்டி சீல் வைத்தார்கள். அத்தருக்கும் ஜாடிக்கும் தனியாக வரி போட்டு வாங்கிக்கொண்டு அவற்றைக் கொடுத்துவிட்டார்கள். பத்து நாளில் அனுப்பியவரின் எழுத்து வரவில்லையென்றால் கடை பெயருக்கு நோட்டீஸ் வரும் என்றார்கள். காரில் திரும்பி வரும்போது தவ்ஃபீக் மாமா, “சரக்கோட சாமான் வைக்காதீகன்னு ஒன் வாப்பா கனி மச்சான்ட்ட எத்தன வாட்டி சொல்றது? நான் நாளைக்கே அவுக முதலாளிக்குப் போன் போடப்போறேன்” என்றார். நான் பின்சீட்டிலிருந்து, “வேணாம் மாமா, நான் வாப்பாக்கு எழுதுறேன்” என்றேன். நஸீரா மாமி, “இந்தப் புள்ளையா பேசுச்சு?” என்றார்கள். மாமா சரி என்று சொல்லிவிட்டார். பத்து நாள் பொறுப்பதாகச் சொன்னார்.

வீட்டில் உம்மாவுக்கு ஜாடியைப் பார்த்து ஒரே சந்தோஷம். துடைத்து, சீனி போட்டு, அலமாரியில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்திருக்கிறார்கள். வருகிறவர்களிடம் எல்லாம் காட்டுகிறார்கள். வியாழக்கிழமையே கேட்டார்கள், “இம்புட்டுத் தூரம் ஒடையாம எப்பிடிப்புள்ள வந்துச்சு?” என்று. துணி சுற்றியிருந்தது என்றேன். என்ன துணி என்றார்கள். வாயில் வந்தது, வாப்பாவின் பழைய கைலி என்று சொல்லிவிட்டேன். உம்மா அதோடு விடவில்லை. “அவுக கைலியவா? அத எங்க போட்ட? கொண்டா” என்றார்கள். கஸ்டம்ஸில் இருக்கிறது, பிறகு தருவார்கள் என்றேன். நேற்றும் கேட்டார்கள், இன்று காலையும் கேட்டார்கள். அந்தக் கைலியை நான் எங்கே போய்த் தேடுவேன் வாப்பா.

மூன்று நாளாக நான் என்னென்னவோ நினைத்துப் பார்த்துவிட்டேன். அறையில் உங்களோடு இருக்கிறவர்களில் யாராவது குடும்பத்தை அழைத்திருக்கலாம், அந்தப் பிள்ளைக்கு நீங்கள் தைத்துக் கொடுத்திருக்கலாம் என்று ஒரு நேரம் தோன்றுகிறது. வேலை முடிந்த பிறகு வெளியில் தையல் எடுத்துச் செய்கிறீர்களோ, துணி மிஞ்சியதோ என்று ஒரு நேரம் தோன்றுகிறது. ஒவ்வொன்றும் கொஞ்ச நேரம் சரியாக இருக்கிறது. பிறகு பிறந்த குழந்தையின் சட்டையிலிருந்து நடக்கிற பிள்ளையின் பேண்ட் வரைக்கும் உங்கள் கையில் எப்படி வந்தது என்று நினைத்தால் எல்லாம் கலைந்துவிடுகிறது. எனக்குக் கோபம் வருகிறதா என்றால், அதுவும் தெரியவில்லை. அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. பசிக்கிறது, சாப்பிடுகிறேன். சாப்பிடும்போது ஜாடி தெரிகிறது.

அதனால் ஒன்று செய்யுங்கள். கந்தல் என்றே எழுதி அனுப்பிவிடுங்கள். குருநாதன் அண்ணன் வாசகம் சொல்லியிருக்கிறார். “கண்ணாடி உடையாமல் இருக்கச் சுற்றிய பழைய கந்தல் துணி, விற்பனைக்கு அல்ல” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் போட்டோ எடுத்து அனுப்பினால் போதுமாம். அவர்கள் வெட்டிப் போட்டுவிடுவார்கள். மூட்டை கடைக்கு வந்துவிடும். உம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. நானும் கேட்கமாட்டேன்.

உம்மா எழுந்துவிட்டார்கள். இதோடு நிறுத்துகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, காலை.

வாப்பா, மேலே எழுதியதை நான் கிழிக்கவில்லை. ஆனால் அந்தக் கடைசிப் பத்தியில் சொன்னபடி செய்யவேண்டாம். நேற்று அஸருக்குப் பிறகு நீங்கள் போன் செய்தீர்கள் அல்லவா, அதற்கு அப்புறம் எனக்கு எல்லாம் மறுபடி குழம்பிவிட்டது.

உம்மா ஜாடியைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார்கள். பெருநாளைக்கு எத்தனை நாள் லீவு கேட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். பார்க்கலாம், பார்க்கலாம் என்றீர்கள். பிறகு போனை என்னிடம் தள்ளினார்கள். “பெட்டி கெடச்சுச்சாமா?” என்று கேட்டீர்கள். கிடைத்தது என்றேன். “ஒண்ணும் ஒடையலையே?” இல்லை என்றேன். எப்போதும் அதோடு, உம்மாவிடம் கொடு என்பீர்கள். நேற்று சொல்லவில்லை. பிறகு மெதுவாக, “எல்லாம் கெடச்சுச்சா?” என்று கேட்டீர்கள்.

எல்லாம் கிடைத்தது என்றேன்.

நீங்கள் மூச்சு விட்டது ஸ்பீக்கரில் கேட்டது. நெட் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். நெட் நன்றாகத்தான் இருந்தது. உம்மா, “என்னத்த எல்லாம் கெடச்சுச்சான்னு கேக்குறாக, ரெண்டு குப்பியும் ஒரு சாடியும்தானே?” என்றார்கள்.

ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். கைக்கு அகப்பட்டதைச் சுற்றி அவசரத்தில் அனுப்பிவிட்டீர்கள் என்றுதான் அதுவரை நினைத்தேன். ஆனால் நீங்கள் துணி கட்டுகிற மனிதர். உங்கள் கிட்டங்கியில் பேப்பருக்கும் பஞ்சுக்கும் குறைவா? ஏழையும் துவைத்து மடித்து, நம் வீட்டுப் பச்சைத் துணியையும் அதில் சேர்த்து, உம்மாவின் பெயர் போடாமல் என் பெயரைப் போட்டு எதற்கு அனுப்பவேண்டும்? நான் துணி பார்க்கிற வேலையில் இருக்கிறேன் என்று உங்களுக்கு யாராவது சொன்னார்களா? எனக்குப் பேச்சு வராதது உங்களிடமிருந்து வந்தது என்று உம்மா எப்போதும் சொல்வார்கள். உங்களுக்கும் வாயில் வராததைத்தான் பெட்டியில் வைத்தீர்களோ என்று தோன்றியது. தோன்றியதும், அதெல்லாம் இல்லை, நானாகக் கற்பனை செய்கிறேன் என்றும் தோன்றியது. எது சரி என்று எனக்கு இன்னும் தெரியாது.

ஒன்று மட்டும் தெரிகிறது. கந்தல் என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால் அதைக் கத்தரிக்கோலால் வெட்டுவார்கள். பிரித்தவள் நான் என்பதால் வெட்டும்போதும் நான் போய் நிற்கவேண்டும். எங்கோ ஓடி விளையாடிக்கொண்டிருக்கிற ஒரு பிள்ளையின் சட்டையை என் முன்னால் வெட்டுவதை நான் பார்க்கமாட்டேன். அந்தப் பிள்ளை என்ன செய்தது?

அதனால் இப்படிச் செய்யுங்கள். இரண்டு காகிதம் எழுதுங்கள்.

ஒன்று ஆபீசுக்கு. “இவை எங்கள் குடும்பத்தின் சொந்தத் துணிகள், என் மகள் சுஹாவுக்கு அனுப்பியது, விற்பனைக்கு அல்ல” என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். குருநாதன் அண்ணனின் நம்பரைத் தனித் துண்டில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், போட்டோ எடுத்து அதற்கு அனுப்புங்கள். மூட்டையோடு வைத்ததற்கு ஏதாவது அபராதம் இருக்கலாம் என்றார். என் சம்பளத்தில் கட்டிக்கொள்வேன். அதிகாரி அம்மா என்னைக் கூப்பிட்டு விசாரிப்பார்களாம். போவேன். யாருடைய துணி என்று கேட்டால், எங்கள் வீட்டுப் பிள்ளையுடையது என்று சொல்வேன். சொல்லிப் பார்த்தேன், இன்று காலையில், கிணற்றடியில் யாரும் இல்லாதபோது. தொண்டை அடைக்கவில்லை.

தவ்ஃபீக் மாமாவுக்குத் தெரிந்துவிடுமே என்று பயப்படாதீர்கள். அவர் வெளியில் சொல்லமாட்டார். நஸீரா மாமியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அதனால் உம்மாவுக்கு வேறு யாரும் சொல்வதற்கு முன்னால் நீங்கள் வந்து சொல்லவேண்டும். போனில் வேண்டாம். பெருநாளைக்கு வாருங்கள், வந்து உட்கார்ந்து சொல்லுங்கள். உம்மா அழுவார்கள், திட்டுவார்கள், ஜாடியைப் போட்டு உடைத்தாலும் உடைப்பார்கள். நான் பக்கத்தில் இருப்பேன். நீங்கள் வருகிறவரை கைலியைப் பற்றி ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்கிறேன். ஆனால் அதிக நாள் என்னால் முடியாது வாப்பா. எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

நீங்கள் செய்தது சரியா தவறா என்று இந்தக் கடிதத்தில் நான் கேட்கவில்லை. மார்க்கத்தில் இடமுண்டு என்பார்கள் சிலர். உம்மா நான்கு வருடமாக வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு எதில் இடமுண்டு என்று எனக்குத் தெரியாது. அதை நேரில் வரும்போது உம்மாவே கேட்பார்கள்.

இரண்டாவது காகிதம் எனக்கு. அதில் அதிகம் எழுதவேண்டாம். யார், எங்கே, எப்படி என்றெல்லாம் சொல்ல உங்களுக்குக் கை வராமல் போகலாம். பெயரை மட்டும் எழுதுங்கள். தம்பியா தங்கச்சியா என்பது பெயரிலேயே தெரிந்துவிடும். இன்று ஃபஜ்ரில் எல்லோருக்கும் துஆ கேட்டேன். உங்களுக்கு, உம்மாவுக்கு, வஃபாத்தாகி மண்ணுக்குள் போனவர்களுக்கு. பிறகு ஒரு பெயர் சொல்லவேண்டும், சொல்லத் தெரியாமல் கையை ஏந்திக்கொண்டு சும்மா இருந்தேன். அது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இஃப்திகார் காக்காவிடம் உங்களுக்கு மாசிக் கருவாடும் உம்மா இடித்த மிளகாய்த் தூளும் கொடுத்து அனுப்புகிறோம். மருந்தை விடாமல் சாப்பிடுங்கள். வெயிலில் அலையாதீர்கள்.

அல்லாஹ் உங்களுக்கு நல்ல சுகத்தையும், எழுதுவதற்குத் தைரியத்தையும் கொடுக்கட்டும். அந்தப் பிள்ளைக்கும், அதைப் பெற்றவர்களுக்கும் நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். ஆமீன்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த பிள்ளை,
சுஹா.